ஆறு நாளில் என்ன ஆகிவிடும்?

திங்கட்கிழமை, மாலை

அன்புள்ள என்னங்க,

கடிதத்தை இப்படி ஆரம்பிக்கலாமா என்று ஐந்து நிமிஷம் யோசித்தேன். 'அன்புள்ள கணவருக்கு' என்று எழுதிப் பார்த்தால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டுப் பதினொரு வருஷமாக வாயில் வருவதையே எழுதிவிட்டேன். ஆண்டவர் கிருபையில் நான் இங்கே சுகம்தான். நீங்களும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாயிருக்க வேண்டுமென்று கோபத்தோடேயே ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

போனில் கூப்பிட்டால், 'ஷிப்ட் மாறுற நேரம், அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிடுகிறீர்கள். ஒரு நாளைக்கு மூன்று முறைதான் ஷிப்ட் மாறும் என்பது பதினொரு வருஷம் ஆலையில் வருகைக் கணக்கு எழுதுகிற டைம் ஆபீஸ்காரருடன் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? நான் கூப்பிடும்போதெல்லாம் உங்கள் புது ஆலையில் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியும்; ஆனால் நீங்கள் வைக்கமாட்டீர்கள். எழுத்தென்றால் கடைசி எழுத்துவரை படித்தாக வேண்டும் உங்களுக்கு. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டீர்கள்.

சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. நீங்கள் சுற்றிவிட்டுப் போன நூல் இரண்டு வாரம் தாங்கியது. இப்போது அடியில் வாளி வைத்திருக்கிறேன். மாடிப்படி விளக்கை நானே நாற்காலி போட்டு ஏறி மாற்றிவிட்டேன், விழவில்லை. உங்கள் சட்டை இரண்டு கதவுக்குப் பின்னால் தொங்குகின்றன. போகிற அவசரத்தில் குடையை எடுத்துக்கொள்ளத் தோன்றியவருக்குச் சட்டையை எடுக்கத் தோன்றவில்லை.

கண்ணாடிக் கடையில் வேலை அதிகம்தான். நேற்று முன்தினம் ஒரு பெரியவர் வந்தார். எழுத்துப் பலகையின் முன் உட்காரவைத்தேன். மேல்வரியிலிருந்து கடைசிப் பொடி எழுத்து வரை கடகடவென்று ஒப்பித்தார். எனக்குச் சந்தேகம். பலகையைத் திருப்பி அடுத்த பக்கத்தைக் காட்டினேன். அதற்கும் அதே எழுத்துகளைச் சொன்னார்! மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார் மனுஷர். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன், கோபப்படாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பாடத்துக்காகவா ஒருத்தர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு பகல் முழுக்க ரயிலில் போகிற தூரத்துக்குப் போய் உட்காருவார்? எனக்கு இன்னும் விளங்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். என் பக்கம் தப்பு எங்கே என்று நீங்களே அடிக்கோடு போடுங்கள்.

நம் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பாலர் வகுப்பு என் வகுப்பு. அந்த வாரம் ஆதியாகமம் முதல் அதிகாரம். ஆறு படம் போட்ட சார்ட்டை மாட்டச் சொன்னது நீங்கள். பள்ளிச் செயலாளர் சொன்னால் மாட்டத்தானே வேண்டும். ஒளி, வானம், செடி என்று வந்து, நாலாம் நாள் சூரியனில் கம்பை வைத்தேன். முன்பல் விழுந்த அந்தச் சின்னவள் எழுந்து, 'டீச்சர், சூரியனே நாலாம் நாள்தான் வந்துச்சுன்னா, முதல் நாள் முடிஞ்சு போச்சுன்னு கடவுளுக்கு எப்படித் தெரிஞ்சுது?' என்று கேட்டாள். ஏழு வயசு! உங்கள் பள்ளிக் கமிட்டியில் ஒருவருக்காவது இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வி வந்ததுண்டா?

பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாம் 'நாள்' என்று எத்தனை விதமாகச் சொல்கிறோம் என்று கேட்டேன். 'நாலு நாளா ஜுரம்' என்கிறோம், எண்ணியா சொல்கிறோம்? 'பார்த்து நாளாச்சு' என்றால் எத்தனை நாள்? 'ஒரு நாள் வருவேன்' என்றால் எந்தக் கிழமை? இப்படி, ஆண்டவர் இந்த உலகத்தை அன்போடு, ஒழுங்கோடு, ஒன்றன்பின் ஒன்றாகப் படைத்தார் என்பதை நமக்குப் புரிகிற மாதிரி 'நாள்' என்று சொல்லியிருக்கிறது. அது நம் சுவர்க் கடிகாரத்து நாளாக இருக்க வேண்டியதில்லை என்றேன். அவ்வளவுதான். அந்தச் சின்னவள் வீட்டுக்குப் போய், 'பைபிள்ல நாள்னா நாள் இல்லையாம், டீச்சர் சொன்னாங்க' என்று சொல்லிவிட்டாள். அவள் அப்பா கமிட்டியில் இருக்கிறார். போதுமே.

கமிட்டியில் என்னை விசாரிக்க வேண்டிய நாற்காலியில் நீங்கள். காலையில் நான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு வந்து, மத்தியானம் என்னை 'ஆசிரியை' என்று கூப்பிட்டீர்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நின்றேன். நீங்கள் எழுந்து, 'மாலையும் காலையும் ஆச்சுன்னு சொல்லி, ஒண்ணு ரெண்டுன்னு நம்பரும் போட்ட பிறகு, அது நாள்தான். நம்பர் போட்ட நாளை யாரும் இழுக்கவும் கூடாது, சுருக்கவும் கூடாது' என்றீர்கள். குரல் நடுங்கியது. ஒரு பாடத்துக்கு இவ்வளவு நடுக்கமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. நட்சத்திரத்து வெளிச்சம் நம்மிடம் வந்து சேரவே லட்சக்கணக்கான வருஷம் ஆகிறதே என்றேன். வழியிலேயே வைத்து வெளிச்சத்தையும் படைத்திருப்பார் என்றார் முன்பல்காரியின் அப்பா. அதற்குப் பிறகுதான் நான் சத்தம் போட்டது. 'ஆறு நாள்ல என்ன ஆயிடும்? ஒண்ணும் ஆகாது! ஆறு நாளெல்லாம் ஒரு கணக்கே இல்லை!' என்றேன்.

நீங்கள் நோட்டை மூடினீர்கள். குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனீர்கள். வீட்டில் மூன்று வாரம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் பெட்டி கட்டினீர்கள்.

இதில் நான் அடித்தேனா, வைதேனா? கோபத்தில் கொஞ்சம் உரக்கச் சொன்னேன், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பாடத்துக்குக் கேட்கமாட்டேன். போதகர் வந்து, 'நாளைப் பத்திச் சண்டை போட்டு இருக்கிற நாளை வீணாக்காதீங்கம்மா' என்று சொல்லிவிட்டு இரண்டு காப்பி குடித்துவிட்டுப் போனார். எந்தப் பக்கம் சரி என்று கேட்டதற்கு இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

பாப்பா போய் இந்த மாதத்தோடு இரண்டு வருஷம் முடிகிறது. கல்லறைத் தோட்டத்துக்குத் தனியாகத்தான் போனேன். புல் உயரமாகிவிட்டது. நீங்கள் இல்லாமல் எந்தப் பக்கமாக உட்காருவது என்றுகூடத் தெரியவில்லை. வாருங்கள். சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் பிடிவாதத்துக்குச் சளைக்காத,
உங்கள் வீட்டுக்காரி


அடுத்த வாரம், வியாழக்கிழமை

அன்புள்ள என்னங்க,

உங்கள் கார்டு வந்தது. மூன்று வரி. 'நலம். பள்ளி பீரோ சாவி இடது டிராயரில். ஆறு நாளைப் பற்றி இனி எழுத வேண்டாம்.' இதற்குத் தபால்காரர் மணியை வேறு அடித்துக் கொடுத்தார்.

நன்றாயிருங்கள். அங்கே தனி அறையில் ஆதியாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள். நான் தோற்றுவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் என்றால் ஆறு நாள், ஒவ்வொன்றும் இருபத்து நான்கு மணி நேரம், ஒரு நிமிஷம் கூடக் குறைய இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கமிட்டி நோட்டில் ஒட்டிவிடுகிறேன். வருவீர்களா? எழுதித் தருவேன். நம்பித் தரமாட்டேன்.

இனி எழுத வேண்டாம் என்றால் எழுதவில்லை. குழாய்க்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். வாளியை எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஆசிரியை


சனிக்கிழமை

என்னங்க,

போன கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். கிழிக்கமாட்டீர்கள், எதையும் கிழிக்காதவர் நீங்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன், அதை மட்டும் கிழித்துவிடுங்கள்.

நேற்று மத்தியானம் கடைக்கு ஒருவர் வந்தார். கண் பார்க்க வேண்டும் என்றார். பலகையின் முன் உட்காரவைத்தேன். மூன்றாவது வரியோடு நின்றுவிட்டார். சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகுதான், நீங்கள் போன பிறகு உங்கள் நாற்காலிக்கு வந்திருக்கிற டைம் கீப்பர் அவர் என்று சொன்னார். ஐம்பது வயசிருக்கும், காது கொஞ்சம் மந்தம், அதனால் கடை முழுக்கக் கேட்கிற மாதிரித்தான் பேசினார். உங்கள் டிராயரைக் காலி செய்யும்போது, எழுதாத அட்டைக் கட்டுக்கு அடியில் எழுதிய அட்டை ஒன்று இருந்ததாம். 'யாரோ விளையாட்டுக்கு எழுதியிருக்காங்கன்னு நெனச்சேம்மா. ரெண்டாவது தடவை படிச்சப்போதான் உட்கார்ந்துட்டேன்' என்று பையிலிருந்து அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

வருகை அட்டை. ஆலையில் எல்லோருக்கும் போடுகிற அதே பழுப்பு அட்டை. பெயர் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்தில் 'பாப்பா'. பிரிவு என்ற இடத்தில் 'வீடு'. ஷிப்ட் என்ற இடத்தில் 'மூன்றும்'.

நான் கடை நடுவில், எழுத்துப் பலகைக்கு அடியில், தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் எழுதியதை உங்களுக்கே எழுதிக் காட்டுகிறேன். எனக்கு எழுத வேண்டும் போல இருக்கிறது.

முதல் நாள். உள்ளே: காலை 5.40. 'அழமாட்டாள் என்றார்கள். அழுதாள்.'

இரண்டாம் நாள். 'வலது கண் திறந்தாள். இடது கண் மத்தியானம்.'

மூன்றாம் நாள். 'பால் நான்கு சொட்டு. ஒன்று வெளியே வந்துவிட்டது. மூன்று என்று கொள்க.'

நான்காம் நாள். 'பாப்பா ஹாஜர். நான் ஆப்சென்ட்.'

ஐந்தாம் நாள். 'தும்மினாள். நர்ஸ் சிரித்தார். நானும். காலில் இரண்டாவது விரல் பெரிய விரலை விட நீளம், அம்மாவைப் போல.'

ஆறாம் நாள். 'அம்மா வந்தாள்.'

அவ்வளவுதான். ஆறாம் நாளுக்கு எதிரே 'வெளியே' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. ஒரு தொழிலாளி வெளியே போன நேரத்தை விட்டுவிட்டதற்காக ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு ஓடியவர் நீங்கள்.

அந்த மனுஷர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'எங்க வேலையில உள்ளே இருந்து வெளியே இல்லைன்னா, ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கார்னு அர்த்தம்மா. மாசக் கடைசியில நான் அதை முடிச்சு வைக்கணும். இதை என்கிட்ட வெச்சுக்க எனக்குத் தெம்பு இல்லை.' பிறகு கண் பரிசோதனையை முடிக்காமலே போய்விட்டார். மூன்றாவது வரிக்கு மேல் அவருக்குத் தெரியவில்லை, திரும்ப வரச் சொல்லியிருக்கிறேன்.

என்னங்க, இதையெல்லாம் நீங்கள் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சொல்ல வந்தீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், சாப்பிடும்போது, 'முதல் நாள் என்னாச்சு தெரியுமா...' என்று ஆரம்பித்தீர்கள். நான் தட்டைத் தள்ளிவிட்டு, 'வேண்டாம்' என்றேன். இன்னொரு தடவை பேருந்தில். அப்போதும் வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே சொன்னேன். அதற்கப்புறம் நீங்கள் சொல்ல வரவில்லை. எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? அட்டையில் வைத்தீர்கள்.

எனக்கு அந்த ஆறு நாள் கிடையாது. இரண்டாம் மாடியில், ஆபரேஷனுக்குப் பின் வந்த ஜுரத்தில், யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்றே தெரியாமல் கிடந்தேன். ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டவள் நாலாம் மாடியில் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். நடுவில் இருந்த படிக்கட்டில் நீங்கள் மட்டும் ஏறி இறங்கினீர்கள். நாலாம் நாள் நான் பிழைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாமே. அன்று முழுக்க நீங்கள் என் கட்டிலை விட்டு நகரவில்லை என்று நர்ஸ் பின்னால் சொன்னாள். அதைத்தான் ஆப்சென்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்காக விட்ட நாளை உங்கள் பெயரில் குற்றமாக எழுதி வைத்திருக்கிறீர்கள். இப்படியா ஒரு மனுஷன் ஒழுங்காக இருப்பது?

இப்போது புரிகிறது, கமிட்டியில் உங்கள் குரல் ஏன் நடுங்கியது என்று. நீங்கள் வானத்துக்காகவும் பூமிக்காகவும் வாதாடவில்லை. ஆறே நாளில், நிஜமான ஆறு நாளில், மாலை வந்து காலை வந்து எண்ணப்பட்ட ஆறு நாளில், ஆண்டவர் ஒன்றைத் தொடங்கி முழுசாக முடித்தார் என்று இருக்க வேண்டும் உங்களுக்கு. அப்படி இருந்தால்தான் நம் பிள்ளையும் பாதியில் போனவள் இல்லை. ஆறு நாள் வந்தாள், முழுசாக இருந்தாள். நம்பர் போட்ட நாளை யாரும் இழுக்கவும் கூடாது, சுருக்கவும் கூடாது. நீங்கள் அவளைத்தான் சொன்னீர்கள். நான், இருபது பேர் முன்னால் நின்று, ஆறு நாளில் ஒன்றும் ஆகாது, அது ஒரு கணக்கே இல்லை என்றேன்.

அந்தச் சொல் எப்படி உங்கள்மேல் விழுந்திருக்கும் என்று நேற்றிலிருந்து நினைத்து நினைத்து மாரில் அடித்துக்கொள்கிறேன். தெரியாமல் சொன்னேன் என்று எழுதினால் பாதிப் பொய். அன்றுவரை ஆறு என்ற சொல்லை இரண்டு வருஷமாக நான் வாயில் எடுத்ததில்லை. ஆறு படம் போட்ட சார்ட்டை மாட்டும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தச் சின்னவள் கேட்டாளோ இல்லையோ, அந்த நாட்களை நாட்களாக எண்ணாமல் இருக்க எனக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அவள் கேட்டாள், நான் பிடித்துக்கொண்டேன்.

அதற்கும் காரணம் இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் முழுக்கப் பொய்யாகிவிடும். படித்துவிட்டு என்னை வெறுத்தாலும் சரி.

ஆறாம் நாள் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து மேலே தள்ளிக்கொண்டு போனீர்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினீர்கள். கீழே யாரோ கையெழுத்துக்குக் கூப்பிட, 'இதோ வந்துட்டேன், நீ பார்த்துக்கிட்டிரு' என்று போனீர்கள். நானும் அவளும் இருந்தோம். இவ்வளவு சின்ன முகத்தில் எப்படி உங்கள் முகம் மொத்தமும் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் வந்து, 'கையைக் கழுவிட்டு இந்த ஓட்டை வழியா உள்ள வையுங்கம்மா, விரலைப் பிடிச்சுக்குவா' என்றாள். பெட்டியின் பக்கத்தில் வட்டமாக ஒரு திறப்பு இருந்தது.

எனக்குப் பயம். ஜுரம் அப்போதுதான் விட்டிருந்தது. என் கையிலிருந்து அவளுக்கு ஏதாவது ஒட்டிவிடுமோ என்று பயம். அதைவிட, தொட்டுவிட்டால் அப்புறம் விடமுடியாதே என்று பயம். நான், 'நாளைக்குத் தொடறேன்' என்றேன்.

நாளைக்கு.

நீங்கள் மூச்சிரைக்க ஏறி வந்தீர்கள். வந்ததும், 'தொட்டியா?' என்று கேட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியவில்லை. தலையாட்டினேன். அன்று சாயங்காலமே அவள் போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்தில் வந்தவர்கள் எல்லோரிடமும், 'அவங்க அம்மா தொடணும்னுதான் ஆறு நாள் காத்திருந்தா, தொட்டதும் போயிட்டா' என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஒவ்வொருவரிடமும் சொன்னீர்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் அவளைத் தொடவே இல்லைங்க. ஆறு நாளில் ஒரு நிமிஷம்கூட இல்லை. அட்டையில் 'அம்மா வந்தாள்' என்று எழுதியிருக்கிறீர்களே, வந்தாள், பார்த்தாள், நாளைக்கு என்றாள்.

அந்த நாள் முடிந்ததை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆண்டவருடைய நாள் நம் நாளைப் போல அல்ல, அது நீளம், அதற்கு முடிவு வர யுகங்கள் ஆகும் என்று ஒரு விளக்கம் கிடைத்ததும், அப்படியானால் அவளுடைய ஆறாம் நாளும் இன்னும் முடியாமல் எங்கேயோ இருக்கும், நான் கையைக் கழுவிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. ஆறு நாளில் ஒன்றும் ஆகாது என்று நான் கத்தியது அவளைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்துத்தான். ஆறு நாள் இருந்தும் ஒன்றும் செய்யாதவள் நான் ஒருத்திதான்.

என் பாடத்தை நான் இப்போதும் வாபஸ் வாங்கவில்லை. சூரியன் இல்லாத மூன்று நாள் எத்தனை மணி நேரம் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, முன்பல்காரிக்கு ஆண்டவரே ஒரு நாள் நேரில் பதில் சொல்லட்டும். வானமும் பூமியும் எப்படி வேண்டுமானாலும் ஆகியிருக்கட்டும். ஆனால் நம் வீட்டில் ஆறு நாள் என்றால் ஆறு நாள்தான். ஒவ்வொன்றும் முழு நாள். கண் திறந்தது ஒரு நாள். தும்மியது ஒரு நாள். கமிட்டியைக் கூட்டுங்கள், அதே இடத்தில் நின்று சொல்கிறேன்.

இன்று காலை ஒரு காரியம் செய்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு என் காலைப் பார்த்தேன். இரண்டாவது விரல் நீளம்தான். நாற்பது வயசு வரை கவனித்ததில்லை. அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் என்மேல் கோபமாக இருக்கலாம், இருங்கள். தொட்டதாகத் தலையாட்டியதை மன்னிக்க முடியவில்லையென்றால் மன்னிக்க வேண்டாம். ஆனால் வந்து சொல்லுங்கள். முதல் நாளிலிருந்து சொல்லுங்கள். எப்படி அழுதாள், உரக்கவா, பூனைக்குட்டி மாதிரியா? எந்தக் கண்ணால் உங்களை முதலில் பார்த்தாள்? மூன்று சொட்டு குடித்துவிட்டு என்ன செய்தாள்? நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தட்டைத் தள்ளமாட்டேன். ஒரு எழுத்து விடாமல், நீங்கள் சொல்கிறபடியே, அப்படியே கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் காலிக் கட்டத்தில் நான் எதுவும் எழுதவில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

ரயில் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று இருக்கிறது, விசாரித்துவிட்டேன். ஆண்டவர் உங்களை வழியெல்லாம் காத்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் புறப்படுங்கள். லீவு தரமாட்டார்கள் என்று எழுதுங்கள், உடம்பு சரியில்லை என்று எழுதுங்கள், என்மேல் கோபம் ஆறவில்லை என்றுகூட எழுதுங்கள், பொறுத்துக்கொள்கிறேன்.

நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா